அறுநூற்றுப் பதினாலு பட்டனுக்கும் ஒரே பெயர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்க வேண்டாம்.

நான் எழுதும் ஒவ்வொரு வரைவுக்கும் கணினியில் ஒரு குறிப்பு ஒட்டி வைப்பேன். "சுமார்." "இழுவை." "உயிரே போனாலும் யாருக்கும் காட்டாதே." இவை கதைக்குள் இருக்காது, கதைக் கோப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். போன மாதம் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுப் பதிப்பாளரிடம் கொடுத்தேன். குறிப்பு ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. யாருக்கும் காட்டக்கூடாது என்று வைத்திருந்த கதையைத்தான் அந்த மனுஷர் முதலில் படித்தார். படித்ததோடு விட்டாரா? "நீங்க எழுதினதுலயே இதுதான் உருப்படி" என்றும் சொன்னார். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கோப்புகளைப் பத்திரப்படுத்தித் தரும் பேக்கப் கம்பெனிக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

"அந்தக் குறிப்பெல்லாம் ஃபைலுக்குள்ள இருக்காது சார். கூடவே ஒட்டிக்கிட்டு இருக்கும். பென் டிரைவுக்கு அதை வாங்கி வெச்சுக்கத் தெரியாது. அதனால வழியிலேயே விட்டுட்டுப் போயிடும்."

"அதை ஒரு வார்த்தை சொல்ல வேணாமாம்மா?"

"சொன்னா நாம கேட்டுடுவோமா? ஓகேன்னு அமுக்கிட்டுப் போயிட்டே இருப்போம். உங்களைச் சொல்றேன் பாருங்க. ஒரே ஒரு இடத்துல பூஜ்ஜியம் போட்டு எங்க வீட்டுக்காரர் வாயையே அடைச்சவ நான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பாதியில் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஒரு வாக்கியம், அரைச் சிரிப்பு. மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை வானம் மேகமூட்டமாக இருந்த—"

(வானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "கோப்பு என்பது தன்னைப் பற்றித் தானே எதுவும் அறியாத ஒரு—"

(கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம்.)

மூன்றாம் தொடக்கம்: "மாஸ்டர் தண்ணீர் கேட்டார். பெட்டி 'பிரேக்கை மிதி!' என்று அலறியது."

இது தேவலை. ஆனால் எந்த மாஸ்டர், என்ன பெட்டி என்று நீங்கள் திருதிருவென்று முழிப்பீர்கள். ஒழுங்காக ஆரம்பத்திலிருந்தே வருகிறேன்.

மாஸ்டர் என்பவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் கூடுதல் பிரேக்கில் பாதத்தை வைத்துக்கொண்டு, வாயாலேயே வண்டி ஓட்டியவர். "மெதுவா, மெதுவா, கிளட்சை விடு, அய்யோ அவ்ளோ மெதுவா இல்ல!" அவர் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் சீக்கிரம் லைசென்ஸ் வாங்கினார்கள். அப்பேர்ப்பட்ட தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார், குரல் பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி ஒரு பேக்கப் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறாள். ஆபீசில் எல்லோருக்கும் அவள் பேக்கப் அக்கா. ஊரில் உள்ளவர்களின் கோப்பையெல்லாம் மூன்று இடத்தில் பத்திரமாக வைப்பாள். இது அவளுடைய கதை.

அவளுக்கு வயிறு எரிந்தது கட்டியால் மட்டும் இல்லை. கட்டி என்று மாஸ்டருக்கு நாலு மாதம் முன்பே தெரியும். அதை அவர் தம்பியிடம் சொன்னார். தம்பிதான் ஒவ்வொரு டெஸ்டுக்கும் கூடப் போனான். அவளிடம் சொன்னதென்னவோ, "தொண்டைக்கட்டு, சரியாயிடும்." அவளும் நம்பி நாலு மாதம் வெந்நீரில் தேன் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆபரேஷன் தேதியை உறுதி செய்யச் சொல்லி வீட்டு நம்பருக்கு போன் வந்தது. எடுத்தது அவள்.

அன்றைக்குப் பார்த்து தம்பிக்காரன் வீட்டில் இருந்தான். விடுவாளா?

"நாலு மாசமா என்னை முட்டாளாக்கிட்டு, என் கையாலயே ரெண்டு பேரும் சாப்பிட்டிருக்கீங்க! அவர்தான் சொல்லலை. உங்களுக்கு எங்க போச்சு தம்பி புத்தி?"

"அண்ணி, அது வந்து—"

"வரவும் வேணாம், போகவும் வேணாம். இனிமே இந்த வாசப்படி ஏறாதீங்க."

"நான்தான் சொல்லக்கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கினேன்." மாஸ்டர் இந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம். வாய் இருந்தபோதே சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆக, அந்த மனுஷர் இரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதில் நான் குழம்பினாலும் இதில் குழம்பக்கூடாது.

3

பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் வேலை செய்தாள். ஆபரேஷனுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அதற்குள் அவருக்கு ஒரு பேசும் பெட்டி: கைக்கு அடக்கமான ஒரு திரை, ஒரு ஸ்பீக்கர், உள்ளே அவள் எழுதின புரோகிராம். அவர் ஒவ்வொரு பேச்சாகப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. கோப்புக்குப் பெயர் கிடையாது, வெறும் எண்தான். அது என்ன பேச்சு என்கிற குறிப்பை அவரே தட்டச்சு செய்து அந்தக் கோப்போடு ஒட்டிவிட வேண்டும். அந்தக் குறிப்புதான் திரையில் பட்டனாகத் தெரியும். அமுக்கினால் அவர் குரல் பேசும்.

இதையெல்லாம் வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதி அவர் தலையணை மேல் வைத்தாள். "மைக்கை வாய்க்கு ரொம்பப் பக்கத்துல வைக்காதீங்க" என்பதைச் சிவப்பில் எழுதினாள்.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியையெல்லாம் ஏற்றிவிட்டுப் பதிவு செய்தார். அவருக்குத் தெரிந்த சத்தமில்லாத இடம் அது ஒன்றுதான். மொத்தம் அறுநூற்றுப் பதினாலு. அவர் ஒட்டின குறிப்புகளில் சிலவற்றை நான் கற்பனை செய்து வைத்திருக்கிறேன்:

"பிரேக் – பயந்தவங்களுக்கு"
"பிரேக் – பயமே இல்லாத தடியனுக்கு"
"தண்ணி"
"போதும்"
"ம்ம்" (இதில் மட்டும் ஒன்பது வகை)

[தம்பி கதாபாத்திரம் எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அவன் என்ன வேலை செய்கிறான்? லாரி கம்பெனியில் கணக்கு என்று எழுதினேன், பிறகு கண்ணாடிக் கடை என்று மாற்றினேன். இரண்டும் நிற்கவில்லை. ரொம்ப தூரத்தில் இருக்கிறான், இரண்டு பஸ் மாறி வர வேண்டும் என்பது மட்டும் நிற்கிறது. அப்படியே இருக்கட்டும்.]

ஆபரேஷன் முடிந்தது. மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். பெட்டி பேசியது. பட்டனில் தெரிவது ஒன்றாகவும் வாயில் வருவது ஒன்றாகவும் ஒருநாளும் ஆனதில்லை. தெருவில் நின்று பக்கத்து வீட்டுக்காரரோடு வம்புகூட வளர்த்தார். பெட்டியில் இல்லாததைச் சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினார்.

3 (மறுபடியும்)

பூஜ்ஜியத்துக்கு வருகிறேன். இதை எனக்குப் புரிந்தமாதிரி சொல்கிறேன், விஷயம் தெரிந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

கோப்போடு ஒரு குறிப்பை ஒட்ட வேண்டுமென்றால், கணினியின் அடியில் இருந்து எல்லாவற்றையும் நடத்துகிற இயங்குதளத்தைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமாம். ஐந்து விஷயம் சொல்ல வேண்டும். எந்தக் கோப்பு, குறிப்புக்கு என்ன பெயர், குறிப்பில் என்ன எழுத வேண்டும், அது எவ்வளவு நீளம், கடைசியாக ஓர் எண். அந்தக் கடைசி எண்தான் வில்லன். ஓர் எண்ணைப் போட்டால், "இந்தப் பெயரில் ஏற்கெனவே குறிப்பு இருந்தால் தொடாதே, என்னிடம் வந்து சொல்" என்று அர்த்தம். இன்னொன்றைப் போட்டால், "இருந்தால் மட்டும் மாற்று." பூஜ்ஜியம் போட்டால், "எது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, எழுதிவிடு, என்னைக் கேட்காதே."

ஆபீசில் யாராவது அந்த இடத்தில் யோசிக்காமல் பூஜ்ஜியம் போட்டால் பேக்கப் அக்கா கிழிகிழியென்று கிழிப்பாள். "அடுத்தவன் எழுதினது அங்க இருக்கான்னு பார்க்க மாட்டியா?"

வீட்டில் என்ன ஆனதென்றால், தெருச் சத்தத்தில் பெட்டி பேசுவது கேட்கவில்லை என்று மாஸ்டர் பலகையில் எழுதினார். அவள் ஆபீஸ் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாள். எல்லாக் கோப்புக்கும் ஒலியைக் கூட்டுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினாள். கூட்டினதையே மறுபடி கூட்டிவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் "ஒலி கூட்டியாச்சு" என்று ஒரு குறிப்பு ஒட்டச் சொன்னாள். பழைய புரோகிராமிலிருந்து நாலு வரியை எடுத்துப் போட்டதில், பட்டனில் தெரிகிற குறிப்பின் பெயரே அதிலும் இருந்தது, மாற்ற விட்டுப்போயிற்று. கடைசி இடத்தில் பூஜ்ஜியம்.

அரை நொடிகூட ஆகவில்லை. அறுநூற்றுப் பதினாலும் போயே போய்விட்டது. அதாவது குரல் அப்படியே இருக்கிறது, எது என்ன என்பதுதான் போய்விட்டது.

மாஸ்டர் திரையைப் பார்த்தார். பட்டன் பட்டனாக, பக்கம் பக்கமாக, "ஒலி கூட்டியாச்சு. ஒலி கூட்டியாச்சு. ஒலி கூட்டியாச்சு." தண்ணீர் பட்டன் இருந்த இடத்தைக் குத்துமதிப்பாக அமுக்கினார்.

"பிரேக்கை மிதி!"

முன்னைவிட இரண்டு மடங்குச் சத்தமாக. கையிலிருந்த டிபன் டப்பாவை அவள் கீழே போட்டாள்.

பென் டிரைவில் ஒரு நகல் இருந்தது. ஓடிப்போய்ச் செருகிப் பார்த்தாள். குரல்கள் இருந்தன. குறிப்பு ஒன்றுகூட இல்லை. (ஏன் என்று உங்களுக்கே தெரியும். என் பதிப்பாளருக்கும் தெரியும்.) ஊரார் கோப்புக்கெல்லாம் மூன்று நகல் வைக்கிறவள், புருஷன் பேச்சுக்கு ஒன்றே ஒன்று வைத்திருந்தாள், அதுவும் இந்த லட்சணத்தில். தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் பலகையில் எழுதினார்: "எனக்கு இருக்கறதே பெட்டிக் குரல். அதையும் கலைச்சுப் போட்டுட்டியா?" எழுதிவிட்டுத் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தாங்கவில்லை.

4

ஒன்றிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். சாயங்காலம் அவர் நடக்கப் போகிற ஒரு மணி நேரம், காதில் ஹெட்போன், சாப்பாட்டு மேஜை. கேட்டு, என்ன என்று எழுதி, ஒட்டி, அடுத்தது. இந்த முறை கடைசி எண்ணை நாலு தரம் பார்த்துப் பார்த்துப் போட்டாள். ஒவ்வொரு பதிவின் ஆரம்பத்திலும் சீட் கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது. அவர் தொண்டையைச் செருமுவதும் கேட்டது. இந்தச் செருமலைத்தானே நாலு மாதம் தொண்டைக்கட்டு என்று நினைத்தோம் என்று அவளுக்குக் கோபமும் வந்தது, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவது மாதிரி ஒரு சந்தோஷமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

எட்டாவது நாள் முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது.

பத்து நொடி ஒன்றுமே இல்லை. காலிப் பதிவு என்று அழிக்கப் போனாள். அப்போது அவர் குரல்:

"மன்னிச்சிடு."

பிறகு கார்க் கதவு திறக்கிற சத்தம். அத்தோடு முடிந்தது.

பதினோரு தரம் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழுதாள். "சொல்லத் தெரிஞ்சிருக்கே, நேர்ல சொன்னா என்ன?" என்று காலி நாற்காலியைப் பார்த்துத் திட்டினாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, குறிப்பு எழுத விசைப்பலகையில் கை வைத்தாள். அப்போதுதான் உறைத்தது.

யாருக்கு?

வெறும் பிரேக்குக்கே, பயந்தவங்களுக்கு ஒன்று, தடியனுக்கு ஒன்று என்று எழுதி வைத்தவர், இதற்கு எழுதாமலா விட்டிருப்பார்? கட்டாயம் எழுதியிருப்பார். அதன் மேல்தான் அவள் "ஒலி கூட்டியாச்சு" என்று எழுதிவிட்டாள்.

முன்னும் பின்னும் கேட்டால் தெரியுமே என்று பார்த்தாள். முந்நூற்றுப் பதினொன்று: "சாப்பிட்டியா?" இது தினமும் அவளைக் கேட்பது. முந்நூற்றுப் பதிமூன்று: "பத்திரமா போய்ச் சேரு, சேர்ந்ததும் போன் பண்ணு." இது தம்பியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கு மண்டை காய்ந்தது. எனக்கும்தான். இந்த இடத்தில் நான் இரண்டு வாரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

5

(இந்தப் பகுதியில் ஆபீஸ் காட்சி ஒன்று இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. கதைக்கு வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். பகுதி எண்ணை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.)

6

"அவரையே கேட்டுவிட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆள் உயிரோடு, பலகையும் கையுமாக, வீட்டிலேயேதான் இருக்கிறார்.

அப்படி ஒரு முடிவு எழுதினேன். "என்னங்க, முந்நூத்திப் பன்னெண்டு யாருக்கு?" என்று அவள் கேட்கிறாள். அவர் பேனாவை எடுக்கிறார். "உனக்கு" என்று எழுதவைத்தேன், சினிமா மாதிரி இருந்தது. "தம்பிக்கு" என்று எழுதவைத்தேன், அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் எப்படிப் படுத்துத் தூங்குவாள்? எனக்கு இதயமே இல்லையா? இன்னொன்றும் உண்டு. கேட்டு வாங்கினால் அது அவளுக்கு ஒட்டாது. "நாலு மாசம் மறைச்சதுக்கு அவராத்தான் வந்து சொல்லணும்" என்று இருந்தவள் அவள். முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு ஒன்றும் ஒட்டாமல் கணினியை மூடிவிட்டாள். அதற்கு மேல் ஒரு கோப்பும் கேட்கவில்லை.

இரண்டாவது முடிவில், ஆபீஸ் நண்பர் ஒருவர் வட்டின் மூலையில் எங்கோ கிடந்த பழைய குறிப்பைத் தோண்டி எடுத்துவிடுகிறார். அதில் "மைக் டெஸ்ட்" என்று இருக்கிறது. எழுதிவிட்டு நானே விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு போனில் அந்தப் பெண் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினது ஞாபகம் வந்தது. கிழித்துப் போட்டேன்.

7

கடைசியாக என் கையில் தங்கியது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மாஸ்டர் தம்பிக்குச் செய்தி அனுப்பி வரச்சொல்லியிருந்தார், அவளைக் கேட்காமல். இரண்டு பஸ் மாறி வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"அண்ணி, அண்ணன்தான் வரச்சொன்னாரு. வேணாம்னா இப்படியே போயிடறேன்."

"வந்தாச்சு இல்ல? கை கழுவிட்டு உட்காருங்க." அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில். பேச்சில்லாத வீட்டில் கரண்டிச் சத்தம் அதிகமாகக் கேட்கும். படபடப்பில் அவள் பரிமாறிக்கொண்டே இருந்தாள், மாஸ்டர் தட்டில் சோறு மலையாக ஏறிவிட்டது. மாஸ்டர் இடது கையால் பெட்டியை இழுத்தார். பக்கங்களைத் தள்ளினார். அவள் பெயர் ஒட்டி முடித்த பக்கங்கள் போய், எல்லாப் பட்டனும் "ஒலி கூட்டியாச்சு" என்று சொல்கிற பக்கம் வந்தது. அதில் ஏதோ ஒன்றை அமுக்கினார்.

"மன்னிச்சிடு."

கூட்டின ஒலி. தட்டு அதிர்ந்தது.

"அய்யோ அண்ணா, என்னண்ணா நீ!"

"சரி விடுங்க, விடுங்க, போகட்டும்!"

ஒரே நேரத்தில் இரண்டு பேரும். தம்பி சோற்றுக் கையோடு அழுதுவிட்டான். அவளுக்கும் கண் நிறைந்து எதிரே இருப்பது தெரியவில்லை. பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தனக்கு வந்ததை இன்னொருவரும் எடுத்துக்கொண்டது இரண்டு பேருக்கும் புரிந்தது.

தம்பிக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் எது எது என்று அமுக்குகிறவருக்கே தெரியாது. மலையாகக் குவிந்த சோற்றைப் பார்த்து "போதும்" என்று சொல்லத்தான் அவர் தேடியிருக்கலாம். தேடிக் கை தவறியிருக்கலாம். தவறாமலும் இருக்கலாம். அவர் முகத்தில் தெரிந்தது திகைப்பா, நிம்மதியா என்று நான் எவ்வளவு கிட்டே போய்ப் பார்த்தும் பிடிபடவில்லை.

மாஸ்டர் பலகையை எடுத்தார். பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். அவளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். எழுதக் குனிந்தார்.

இந்த இடத்தில் நான் மூன்று வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். "தப்பான பட்டன்" என்பது ஒன்று. "ரெண்டு பேருக்கும்தான்" என்பது ஒன்று. மூன்றாவதை எழுதி, அடித்து, மறுபடி எழுதி— எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் முன்னால் பரப்பி வைத்துவிட்டு நழுவிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அவள் விடவில்லை. எட்டி அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். அவர் பல்லில் இருந்த மூடியையும் வாங்கி, பேனாவை மூடினாள்.

"ஒண்ணும் எழுத வேணாம். எனக்கு வந்து சேர்ந்துடுச்சு. தம்பிக்கும் சேர்ந்துடுச்சு. சாப்பிடுங்க."

பேனா இப்போது அவளிடம் இருக்கிறது. என்னிடமும் இல்லை. அந்த மன்னிப்பு யாருக்கு என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு தூரம் கூட வந்ததில் உங்களுக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம். தெரிந்திருந்தால், தயவுசெய்து அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.